ஒரு போல்ட்கூட மாத்தாத பிளசர் கார்

இன்னைக்கு குரும்பலூர் ரோட்டுல ஒரு பழைய பிளசர் கார் நின்னுபோய்க் கெடந்துச்சு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, எங்க ஊரு பண்ணையார் வூட்டு வண்டி.

எழுபதுகளோட கடைசியில அது கெளம்பலைன்னா எங்கப்பாவுக்குத்தான் ஆள் வரும். களத்துலேர்ந்து ரோடு வரைக்கும் தள்ளுவாரு. உள்ள உக்காந்ததே இல்ல. கதவுல கை பட்டாலே திட்டு விழும். டிக்கியிலதான் கை வைக்கணும்.

வண்டி இப்ப பண்ணையார் மகன்கிட்ட. அவருதான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. திருச்சியில நடக்குற பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டுபோறாராம்.

"ஒரு போல்ட்கூட மாத்தல சார். எல்லாம் எங்கப்பா காலத்து ஒரிஜினல்"னாரு.

முன்னாடி தொங்குன எலுமிச்சம்பழமும் மொளகாயும் மட்டும் புதுசு.

அப்புறம் என் முகத்த உத்துப் பாத்தாரு.

"நீ மாரிமுத்து மவன்தானே? நல்லதாப் போச்சு, கொஞ்சம் தள்ளு."

ஹெட்மாஸ்டரா ரிட்டயர் ஆனவன் நான். அப்பா பேரு ஞாபகம் வர்ற வரைக்கும் எனக்கு 'சார்' கெடச்சுது.

"இடுப்பு சரியில்லீங்க. நான் ஸ்டியரிங்கப் புடிக்கிறேன், நீங்க தள்ளுங்க"ன்னு சொல்லிட்டு, கதவத் தொறந்து உக்காந்துட்டேன்.

சுத்திமுத்திப் பாத்தாரு. வேற யாரும் இல்ல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தள்ள வந்தாரு.

"கதவுல கை வைக்காதீங்க, பாலிஷ் போயிடும். டிக்கியில வையுங்க"ன்னேன்.

சரிவு வந்ததும் வண்டி உறுமிடுச்சு.

எல்லாம் ஒரிஜினலா இருந்தாத்தான் கண்காட்சியில பரிசாம். தள்ளுற ஆள மட்டும் நான் மாத்திட்டேனே, மார்க்கு கொறைப்பாங்களா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.