ஒரு போத்தல் மணல்

2011 ஓகஸ்ட் 13: ஆட்கள் 44. போத்தல் உள்ளே 131, வெளியே 131.
2012 ஓகஸ்ட் 11: ஆட்கள் 41. உள்ளே 120, வெளியே 120.
2013 ஓகஸ்ட் 10: ஆட்கள் 38. உள்ளே 116, வெளியே 116.

கொப்பியில் மூன்றாவது வரியின் கீழே இன்னும் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. ஹியூபேட் பதினொரு நாளாக அதை எழுதவில்லை.

துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் சரக்கு எண்ணியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு, கொட்டாஞ்சேனை ஆட்களை வடமேற்குக் கடலோரக் காட்டுக்குள் இருக்கும் சின்ன அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பாதுகாக்கப்பட்ட காடு. கொண்டுபோனதெல்லாம் திரும்ப வேண்டும்; அங்குள்ள எதுவும் வெளியே வரக் கூடாது. வனஜீவராசித் திணைக்களத்துக்கு அறிக்கை போனால்தான் அடுத்த வருட அனுமதி. மானுக்குப் பாண் போடாதே, நெருப்பு மூட்டாதே என்று கத்தி வருடாவருடம் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

காட்டு வாசலில் எண்ணியபோது கணக்குச் சரி. வத்தளையில் பழைய போத்தல் கடையில் இறக்கும்போதுதான் ஒன்று கனத்தது. கழுத்துவரை மணல்.

பக்கத்து வீட்டு ஐறீன் ஒளிக்கவில்லை. அவளுடைய மகன் றேமண்ட் கப்பலில் விழுந்து கால் வழங்காமல் கிடக்கிறான். கோயில் மணலைத் தேய்த்தால் குணமாகும் என்று நம்பினாள்.

"இந்த மண்ணை எடுத்ததால கடற்கரை குறைஞ்சு போச்சா, அண்ணன்?"

"முப்பத்தெட்டுப் பேரும் எடுத்தா?"

"முப்பத்தெட்டுப் பேருக்குமா கால் வழங்காமக் கிடக்கு?"

பஸ் பிடித்துத் தரும் நிக்கலஸ் சிரித்தான். "போத்தல் கணக்குச் சரிதானே அண்ணன். உள்ளுக்கு என்ன எண்டு அறிக்கைப் போமில கேக்கேல்லையே."

பஸ்ஸைத் திருப்ப முடியாது. போத்தலை ஐறீனிடமே கொடுத்தார். அடுத்த வருடம் மகனையே தூக்கிக்கொண்டு போவதாக அவள் நேர்ந்திருந்தாள். உண்மையை எழுதினால் அந்த நேர்த்தியும் போகலாம்.

பன்னிரண்டாம் நாள் கொப்பியிலும் அறிக்கையிலும் எழுதினார்: 'மணல், ஒரு போத்தல். பொறுப்பு: நான்.' அதை ஐறீனிடமும் சொன்னார்.

"நல்லா எழுதுங்க. இனி எங்கட வாசப்படி மிதிக்காதீங்க."

ஆறு மாதம் மிதிக்கவில்லை. பிறகு திணைக்களக் கடிதத்தோடு போனார். குழுவுக்கு அனுமதி உண்டு. பொறுப்பாளர் மாற வேண்டும். மணல் எடுத்த இடத்துக்கே திரும்ப வேண்டும்.

ஐறீன் போத்தலைக் கொண்டுவந்தாள். பாதிதான் இருந்தது.

"மிச்சத்தை அவன்ர காலில இருந்து வழிச்சுத் தரவா?"

"இருக்கிறதைத் தாங்க, போதும். றேமண்டைத் தூக்க நாலு பேரைப் பாருங்க."

"நீங்க வரேல்லையா?"

"என்னை விடமாட்டாங்கள்."

அவள் கதிரையை இழுத்துப் போட்டாள். கால் கடுக்க நின்றவர் உட்கார்ந்தார். கொப்பியை, பொறுப்பை ஏற்ற நிக்கலஸிடம் கொடுக்குமுன் கடைசி வரியை எழுதினார்.

2014 மார்ச் 6: மணல் வெளியே ஒரு போத்தல், உள்ளே அரைப் போத்தல்.