சந்தையில் வாங்கிய கறுப்பு விசிறி

ரெமேய்க்கு வாய் நீளம். பெனிரோசா ஊரின் விசிறி அருங்காட்சியகத்தில் காவலுக்கு உட்கார்ந்த நாள் முதல், கண்ணாடிப் பெட்டியில் யார் விரல் பட்டாலும் "கைய எடுங்க!" என்று கூரை அதிரக் கத்துவாள். அவளுக்குப் பயந்தே பாதிப் பேர் வருவதில்லை என்று ஊரில் கேலி உண்டு. வீட்டில் கத்துவதற்கு ஆளில்லை. கணவன் சிமோ போனபிறகு அவள் பேசியதெல்லாம் இந்த விசிறிகளோடுதான்.

இப்போது அருங்காட்சியகத்தை மூடிவிட்டு அந்த விசிறிகளை வலென்சியா நகரத்துக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றையும் விரித்துப் படமெடுத்து, கணினியில் ஏற்றி, மடித்துப் பெட்டியில் அடைக்க மாட்ரிட்டிலிருந்து கொன்சாலோ என்ற இளைஞன் வந்திருந்தான். வாரக்கணக்கில் அவனுக்கு விசிறித் தட்டுகளை எடுத்துக் கொடுத்த ரெமேய், கடைசி நாளன்று கேட்டேவிட்டாள்.

"தம்பி, அங்கேயும் காவலுக்கு ஆள் வேணுமில்ல? என்னையும் சேர்த்துக்கச் சொல்லேன்."

"கேட்டுப் பாத்தேன் ரெமேயம்மா. அங்க பூட்டின அறைதான். பாக்கறவங்க கணினியில பாத்துக்குவாங்க. ஆளே வேணாமாம்."

"பூட்டின அறையா? அப்ப என் வீடு மாதிரிதான்னு சொல்லு" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆகஸ்டு வெயிலோடு படமெடுக்கும் விளக்குகளும் சேர்ந்து கொளுத்தின. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விசிறி வீசுவது மூச்சு விடுவது மாதிரி. கை தானாகச் செய்துவிடும். ரெமேய் தன் விசிறியையும் படமெடுக்கும் மேசைமேல்தான் வைத்திருந்தாள். கை நீட்டி அங்கே கிடந்த கறுப்பு விசிறியை எடுத்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டிச் சடாரென்று விரித்து, நெஞ்சருகே படபடவென்று வீசிக்கொண்டாள். அழுகை வந்துவிடக் கூடாதே என்று இன்னும் வேகமாக வீசினாள். கொன்சாலோ அவளுக்கு முதுகைக் காட்டியபடி, கடைசி விசிறியைப் படமெடுத்துத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தான்.

விசிறியின் கனம் என்னவோ குறைவாகத் தெரிந்தது. ரெமேய் கையைப் பார்த்தாள். எலும்புக் காம்பு, கறுப்புப் பட்டு. எந்தக் காலத்திலோ ஒரு விதவை துக்கத்துக்குப் பிடித்த விசிறி.

"ஐயோ தம்பி! நான் வீசுறது பெட்டிக்குப் போக வேண்டிய விசிறிடா!"

கொன்சாலோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நல்லவேளை, ஒரு கீறலும் இல்லை.

"அப்ப நான் கையுறை மாட்டிப் படமெடுத்தது?"

"என்னோடது. சிமோ சாவுக்கு வாங்கினேன். சந்தையில, மீன்கடைக்குப் பக்கத்துல."

"பழைய வேலைப்பாடு, அருமைன்னு வேற எழுதி வெச்சிட்டேனே!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அவன் பெட்டியைத் திறக்கக் குனிந்தான். ரெமேய் மூடியின்மேல் கை வைத்தாள்.

"எடுக்காதே. நம்ம ஆளு ஒருத்தராவது கூடப் போகட்டும்."

"யாராவது கேட்டா என்னன்னு சொல்றது?"

"காவலுக்கு வந்திருக்குன்னு சொல்லு."

கொன்சாலோ பெட்டியைத் திறந்தான். பழைய விசிறியை அவளுடைய விசிறிக்குப் பக்கத்திலேயே வைத்து மூடினான்.

வண்டி போனதும் ரெமேய் கதவைப் பூட்டினாள். தெருவில் அனல் அடித்தது. வழக்கம்போலக் கை பைக்குள் துழாவி, ஒன்றும் அகப்படாமல் வெளியே வந்தது. வெறுங்கையால் முகத்துக்கு வீசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.