பதினோராம் கட்டிலுக்கு யார் சொல்வது?

தாதி வேலைக்கு வருகிறவர்கள் ஊசி போடப் பழகுவதற்கு முன்பே "டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். வார்ட்டில் நின்று நின்று கால் வீங்கிய தாதிமாரான உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்தச் சில வருடங்களில், வவுனியாப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக வேலை செய்துகொண்டே தபால் மூலம் பட்டப்படிப்பும் படித்தேன். கடைசி வருட ஆய்வுக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு, நோயாளியின் அறியும் உரிமை. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்பதற்கே கூச்சப்படுகிற என் கையில் முப்பது கேள்விகள் கொண்ட படிவக் கட்டு ஒன்றையும் தந்தார்கள்.

வெள்ளைச் சீருடை

முதல் நாள், டியூட்டி முடிந்த கையோடு சீருடையை மாற்றாமலே பெண்கள் சத்திரசிகிச்சை வார்ட்டுக்குப் போனேன். அது என் வார்ட் அல்ல. "உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு விளக்கப்பட்டதா?" எல்லாரும் ஓம் என்றார்கள். "மருந்தின் பக்கவிளைவுகள் கூறப்பட்டனவா?" அதற்கும் ஓம். மூக்கில் குழாயுடன் படுத்திருந்த ஒருவர் நான் கேள்வியை முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

பதினோராம் கட்டிலில் லெட்சுமி அக்கா இருந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நெளுக்குளத்துக்கு அப்பால் குத்தகைக்கு வயல் செய்கிறவர். நீரிழிவில், அங்கே சொல்வதுபோல் சீனி வருத்தத்தில், வலது பாதம் கறுத்துப்போயிருந்தது. கட்டிலில் தொங்கிய, நோய் விவரம் எழுதிய டிக்கற்றை நான் முதலே பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கப்போகிறார்கள். "உங்களுக்கு என்ன சிகிச்சை நடக்கப்போகிறது என்று தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியுங்க. காலக் கழுவி மருந்து கட்டுவாங்க" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். என் சீருடையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எல்லாத்துக்கும் சரியாத்தானே பதில் சொன்னேன், மிஸ்? இனி வீட்டுக்குப் போற துண்டு வெட்டி அனுப்பிருவீங்கதானே?"

கிளினிக் கொப்பி

அடுத்த நாள் சேலை கட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டாம் கட்டிலில் செட்டிகுளத்துப் பாத்தும்மா. "நோயைப் பற்றிய எழுத்து மூலத் தகவல் உங்களிடம் உள்ளதா?" என்று கேட்டதும் தலையணைக்குக் கீழேயிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் பிஸ்கட் பேப்பரால் உறை போட்ட கிளினிக் கொப்பி. இடம்பெயர்ந்து ஓடியபோது காணி உறுதியையும் இதையும்தான் கையில் எடுத்தாராம். கொப்பியில் ஒரு மூலைகூட மடங்கவில்லை.

திறந்து பார்த்தேன். பதினாலு வருடத்து இங்கிலீசு, அதுவும் டொக்டர்மாரின் கையெழுத்தில். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லையா என்று கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் லெட்சுமி அக்கா காது கொடுத்துக்கொண்டிருந்தார். பாத்தும்மா கொப்பியை என்னிடமிருந்து வாங்கித் திரும்பவும் இரண்டு பைகளுக்குள் வைத்தார். "அது டொக்டர்மார் தங்களுக்குள்ள எழுதிக்கொள்ற கடிதம், மகள். நான் அதைக் கொண்டுபோய்க் குடுக்கிற ஆள்தானே."

பார்வையாளர் நேரம்

லெட்சுமி அக்காவின் கணவர் முத்தையா சோற்றுப் பார்சலுடன் சைக்கிளில் வருவார். என்னை வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிப்போய்க் கும்பிட்டார். ஒப்பரேஷனுக்குச் சம்மதிக்கிற தாளில் அவர்தான் கையெழுத்து வைத்திருந்தார். மனைவிக்குத் தெரியாது. "போன தடவ விரல எடுக்கணும்னாங்க. கேட்டதும் நைசா எந்திரிச்சு பஸ் ஏறி வந்துட்டா. அன்னிக்கு விரலோட போயிருக்கும். இப்ப சொன்னா மறுபடி ஓடுவா மிஸ், ஓடுனா செத்துப்போயிருவா."

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. என் குணமே அதுதான், யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன். வார்ட் சிஸ்டரிடம் போய், நோயாளிதானே கையெழுத்து வைக்க வேண்டும் என்று தொண்டைக்குள் சொன்னேன். இருபது வருடங்களாக அந்தக் கதிரையில் இருப்பவர் அவர். அன்று மட்டும் ஏழு பேர் ஒப்பரேஷனுக்கு வரிசையில் இருந்தார்கள், நிற்பதற்கு இரண்டு தாதிமார்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "பிள்ளை, உம்மட படிவம் கேக்கிறதுக்குத் தந்தது. சொல்லுறதுக்குத் தரேல்லை."

பட்டினி அட்டை

புதன்கிழமை பின்னேரம் மிச்சக் கேள்விகளுக்காகப் போனபோது, பதினோராம் கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாடு, தண்ணி இல்லை. லெட்சுமி அக்கா அதைக் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று அந்த வார்ட்டில் யாரும் கேட்டு வைக்கவில்லை. என் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

"மருந்து கட்டுறதுக்குப் பட்டினி எதுக்கு மிஸ்?" என்றார். "டொக்டரிட்டை" என்று தொடங்கினேன். டொக்டர் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார். நாளைக் காலை கேட்கப் போனால் மயக்க ஊசிதான் பதிலாக வரும். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பாதத்துக்கு இரத்தம் போவது நின்றுவிட்டது, விஷம் மேலே ஏறுகிறது, காலை எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்றலாம், தாளில் முத்தையா கையெழுத்து வைத்துவிட்டார் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. எதுவரைக்கும் என்று கேட்டார். என் காலில் தொட்டுக் காட்டினேன். அவர் சோற்றுப் பார்சலின் நூலை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க போங்க மிஸ். எனக்குக் கொஞ்சம் கணக்குப் பாக்கணும்."

கேற்றடி

அரை மணித்தியாலத்தில் கட்டில் காலியாகக் கிடந்தது. பன்னிரண்டாம் கட்டிலும் காலி. சிஸ்டர் என்னைப் பார்த்தார். பஸ் நிலையம் ஆஸ்பத்திரிக்கு முன்னால்தான். முத்தையா சொன்னதுதான் என் தலைக்குள் ஓடியது. அந்தக் கால் விஷத்தோடு அவர் வீடு போய்ச் சேர்ந்தால், கொன்றது நானும் என் படிவமும்தான்.

கேற்றடியில் ஆட்கள் கூடி நின்றார்கள். பாத்தும்மாவின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றபடி, வீட்டுக்குப் புறப்பட்டுச் சைக்கிளும் கையுமாக நின்ற கணவரை லெட்சுமி அக்கா ஏசிக்கொண்டிருந்தார். "காலு எனக்கு, கையெழுத்து ஒனக்கா? வயல் குத்தகைன்னா மட்டும் எங்கிட்டக் கேட்டுக் கையெழுத்து வைக்கிற." முத்தையா குனிந்த தலை நிமிரவில்லை. சிஸ்டரே தள்ளுநாற்காலியைக் கொண்டுபோனார். லெட்சுமி அக்கா அதில் ஏறி இருந்துகொண்டு புதுத் தாள் கேட்டார். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை எழுதினார். பிறகு சிஸ்டரைப் பார்த்து: "எங்க பக்கம் பாதிப் பேருக்கு மிதிவெடியில போன காலு. எனக்குச் சீனியில போச்சுன்னா ஒருத்தனும் நம்பமாட்டான், அதயும் ஒரு துண்டுல எழுதிக் குடுத்துருங்க."

மேற்பார்வையாளரின் குறிப்பு

வியாழக்கிழமை ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று கிழமையில் கக்கத்துக் கட்டைகளுடன் வீட்டுக்குப் போனார். போகும்போது தன் கொப்பியில் இருந்ததைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு வார்ட்டில் என்னைக் கண்டால் நோயாளர்கள் கொப்பியை நீட்டத் தொடங்கினார்கள். சிஸ்டர் என்னைக் கண்டால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

நடந்ததை மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதி அனுப்பியிருந்தேன். பல்கலைக்கழகத்து மேற்பார்வையாளர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தார்: "கேள்வி கேட்பவர் தகவல் சொன்னதால் இந்த நோயாளியின் பதில்கள் செல்லாது, நீக்கவும்."

அறியும் உரிமை பற்றிய அந்த ஆய்வில் நான் சித்தியடைந்தேன், தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று அறிந்திருந்த ஒரே ஆளை அதிலிருந்து எடுத்த பிறகு.