சுருட்ட முடியாத பாய்

கிழக்குத் திமோரின் மலையூரான மௌபிசியின் சந்தையில் எர்மெலிண்டாவிடம் பேரம் பேசக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். டாலருக்கு மூன்று முட்டைக்கோஸ் கேட்டால், "நாலாவதா என்னையும் தூக்கிட்டுப் போயேன்" என்பாள். அந்த வாய்க்குப் பயந்தே ஊரில் எந்தப் பஞ்சாயத்துக்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அந்தத் தடவை மட்டும் கூப்பிடாமல் முடியவில்லை.

அவளுடைய தங்கையும் தங்கை புருஷனும் இறந்தபின், அவர்கள் மகள் செலியா சித்தப்பன் அனக்லேட்டோ வீட்டில் வளர்ந்தாள். ஒன்பது வயது. காயப்போட்ட காப்பிக்கொட்டையை மழையில் நனையவிட்டாள் என்று அவள் கையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டான் அந்தப் படுபாவி. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. முதுகில் பழைய தழும்புகளும் இருப்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. எர்மெலிண்டா நேரே போலீசுக்குப் போனாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஊர்த் தலைவர் கஸ்பார் வழக்கப்படி பஞ்சாயத்துப் பாயை விரித்துவிட்டார். தப்பு செய்தவன் பன்றியும் நெசவுத்துணியும் கொடுப்பான். பிள்ளையின் தாய்வழியார் வெற்றிலை போட்டுக்கொண்டால் பாயைச் சுருட்டிவிடலாம், சமாதானம். செலியாவுக்குத் தாய்வழியில் மிச்சம் இருந்தது எர்மெலிண்டா ஒருத்திதான். இவள் வெற்றிலை போட்டால், கோர்ட்டில் 'சமாதானமாகிவிட்டது' என்ற ஒரே பேச்சில் தண்டனை கரைந்துவிடும். அவன் வீட்டுக்கு வருவான். தகப்பன்வழிப் பிள்ளை என்று செலியாவும் அதே வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

"போட்டுக்கம்மா. அவனும் நம்ம புள்ளதானே. பன்னி வேற நல்லாக் கொழுத்த பன்னி" என்றார் கஸ்பார்.

"பாத்தேன் ஐயா. அந்தப் பன்னியப் பாத்துக்கிட்ட மாதிரி இந்தப் புள்ளையப் பாத்திருந்தா நான் ஏன் இங்க வரேன்?"

சிலர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"கோவத்துல கை தவறிடுச்சு அக்கா" என்று முனகினான் அனக்லேட்டோ.

"அடுப்பு மூட்டி, பானைய வெச்சு, கொதிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கியேடா. அதுவரைக்கும் உன் கோவம் தூங்கிட்டா இருந்துச்சு?"

என்ன அநியாயம் இது! பன்றி ஊருக்கு, துணி பெரியம்மாவுக்கு, நல்ல பெயர் தலைவருக்கு. வெந்த கைக்காரிக்கு ஒன்றும் கிடையாது. அவளைப் பாயின் மூலையில்கூட யாரும் உட்காரவைக்கவில்லை. எர்மெலிண்டா வெற்றிலைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். பாய் விரித்தபடியே கிடந்தது.

கோர்ட்டில் அவனுடைய வக்கீல், வழக்கப்படி சமாதானம் ஆகிவிட்டது என்று வாதாடினார். நீதிபதி கஸ்பாரிடம் கேட்டார். முன்னோர் சாட்சியாக விரித்த பாயைப் பற்றிப் பொய் சொல்ல அந்த மனுஷனுக்கு நா எழவில்லை.

"இல்லீங்க. அவ வெத்தல போடல."

பிள்ளையை வதைப்பது அரசே வழக்கு நடத்தவேண்டிய குற்றம், பன்றி கொடுத்து அதை அழிக்க முடியாது என்று சொல்லி நீதிபதி ஆறு வருடம் போட்டார்.

வெளியே வந்ததும் அனக்லேட்டோவின் தாய் பாய்ந்து வந்தாள். "ஆறு வருஷம்டி! என் மகனோட ஆறு வருஷத்த முழுங்கிட்டியேடி!"

செலியா பயந்து கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். எர்மெலிண்டா அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இவ விரல் என்னிக்குப் பிரியுதோ, அன்னிக்குச் சொல்லுங்க அத்தை. நானே போய் உங்க மகனக் கூட்டிட்டு வரேன்."