மெழுகு தேய்த்த தரை

நேற்று மின்சாரம் போனதும் மருமகள் மெழுகுவத்தி ஏற்றினாள். அந்த மணம் என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த அந்தமான் வண்டூரின் நடனக் கொட்டகைக்குக் கொண்டுபோனது.

படாக் மரப் பலகையில் தரை போட்டிருந்தார்கள். ஆடும் கால் இழுபடாமலிருக்க அம்மாவும், ராஞ்சியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்களும் மண்டியிட்டு மெழுகு தேய்த்தார்கள். திறப்பு நாளில் பெரியப்பா வாசலை மறித்துக்கொண்டு, "ஆம்பளைங்க ஆடட்டும். நீங்க வெளிய நின்னு பாருங்க" என்றார்.

"முட்டி தேஞ்சது எங்களுக்கு, ஆட்டம் உங்களுக்கா அத்தான்? அப்ப எங்க மெழுகைச் சுரண்டிக் குடுத்துட்டு ஆடுங்க" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா நகரவில்லை. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற அப்பா உள்ளேயிருந்து வந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, அண்ணனைத் தாண்டி அழைத்துப்போனார். ராஞ்சிப் பெண்களும் பின்னாலேயே நுழைந்தார்கள்.

அந்தக் கொட்டகை இருந்தவரை பெண்கள் இல்லாத ஆட்டம் அங்கே நடக்கவில்லை.