ராசி போர்டின் முகவரி

“ஏன் அம்மிணி, உங்க ஊட்டு ரேசன் கார்டையே பக்கத்தூட்டுக்காரங்கதான் படிச்சுச் சொல்லோணும். நீ மெசின் எழுதறதப் படிச்சுப்போடுவயாக்கும்?”

எருத்தேன்பதிப் பக்கம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் பட்டறையில் நான் சேர்ந்த அன்று முதலாளி கேட்டது இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலேயே கண்ணில் பட்ட எந்த வரியையும் படிக்காமல் விடமாட்டேன்.

பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும் சின்னக் கணினி போர்டு. சூடு மீறினால் அடுப்பை அணைக்கும் மின்னணு அட்டை ஒன்று அதில் செருகியிருக்கும். அதை இயக்கும் டிரைவர் என்ற நிரலை நான் எழுதினேன். பழைய போர்டில் ஓடியது. புது போர்டு வைத்த முதல் பெட்டி சாந்தன்பாறை ஸ்டோர் ஒன்றுக்குப் போனது. அங்கே அடுப்பு அணையவே இல்லை. ஏலக்காய் பச்சை போய்க் கருகிவிட்டது.

“போர்டு மாறுனாலும் அதுல ஏத்தற மத்ததெல்லாம் பழசுதான? புதுசு உன்ற டிரைவரு மட்டுந்தான்” என்றார் முதலாளி. பிழை என்னுடையது என்று ஸ்டோர்க்காரருக்கு ஒரு கடிதமும் அடித்து வைத்தார். நான் கையெழுத்திட வேண்டும். இட்டால் இனி எந்தப் பட்டறையிலும் என்னை நம்பமாட்டார்கள்.

எங்கள் பெட்டிகளை மின்சாரம் கொடுத்துக் கிளப்பும்போது திரையில் ஒன்றும் வராது. இங்கிலீஷ் வரிகள் ஓடினால் வாங்குபவர் பயந்துவிடுவார் என்று மூத்த பொறியாளர் மறைத்து வைத்திருந்தார். மறைப்பை எடுத்துவிட்டுப் புது போர்டைக் கிளப்பினேன். லினக்ஸின் மையமான கெர்னல் தந்த எச்சரிக்கை திரையை நிறைத்தது.

“வார்னிங்தான அம்மிணி? எரர் இல்லயே” என்றார் பொறியாளர். “கொசு கடிச்சா ஆசுபத்திரிக்கு ஓடுவயா?”

“டெங்குக் கொசுன்னா ஓடுவனுங்க.”

போர்டு உயிர் பெற்றதும் முதலில் ஓடி, எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்வது ஃபர்ம்வேர். எச்சரிக்கையின்படி, அது அட்டைக்குக் கொடுத்த முகவரி சாதாரண நினைவகத்தின் நடுவில் விழுந்திருந்தது. அங்கே அட்டை இருக்க முடியாது என்று கெர்னல் மறுத்துவிட்டது. பழைய போர்டில் அதே முகவரி, நினைவகம் முடிந்த பிறகு வருகிறது. புதியதில் நினைவகம் இரண்டு மடங்கு.

அந்த ஃபர்ம்வேர் வந்தது சாமி படத்துக்குக் கீழே இருந்து. பட்டறை செய்த முதல் போர்டு ஆயுத பூசைப் பொட்டோடு அங்கே இருக்கிறது. ராசி போர்டு என்பார்கள். எந்தப் புது போர்டு வந்தாலும் ராசிக்காக அதில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஏற்றுவார்கள். ஓர் எழுத்தும் மாற்றியதில்லை.

புது போர்டின் கையேட்டில் இருந்த முகவரியை வைத்து ஃபர்ம்வேரைத் திருத்தி ஏற்றினேன். எச்சரிக்கை வரவில்லை. சூடேற்றிப் பார்த்தேன். அட்டை சரியான நேரத்தில் அணைத்தது.

மாலையில் முதலாளியை அழைத்துக் காட்டினேன். முகம் கறுத்தது. ஆனாலும் கடிதத்தை என் முன் நீட்டினார்.

“ராசி போர்டு மேல பழி போடறயா? பேசாம கையெழுத்தப் போடு.”

“போட்டு அனுப்பிட்டனுங்க. வேற கடுதாசில.”

மதியமே கெர்னல் பதிவு முழுவதையும், இரண்டு போர்டுகளின் நினைவக விவரத்தையும், திருத்திய ஃபர்ம்வேரையும் சாந்தன்பாறை ஸ்டோர்க்காரருக்கு அனுப்பியிருந்தேன். எந்த வழக்கத்தால் இது நடந்தது என்றும் எழுதி, கீழே கையெழுத்திட்டிருந்தேன்.