என் கணவரின் கந்தகக் கடிதங்கள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்த என் கணவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். அதில் அவருக்கு மனக்குறை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இஞ்சை சனம் நன்றி சொல்லிப்போட்டு இறங்குது, பள்ளிக்கூடத்திலை ஒருத்தனும் சொன்னதில்லை என்பார். நகரின் ஓரத்தில் ட்வெய்ட்டாவில், பத்தாம் மாடியில் இருந்தோம். பிள்ளைகள் இல்லை. வேலையால் வந்ததும் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, நூலகத்தில் எடுத்த ஏதாவதொரு விஞ்ஞான சஞ்சிகையோடு குசினி மேசையில் இருந்துவிடுவார்.

பூமி சூடேறுகிற கதை பத்திரிகைகளில் அடிக்கடி வரத் தொடங்கியிருந்த காலம். ஒருநாள் பின்னேரம் நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிற்க, அவர் சஞ்சிகையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"இஞ்சை பாரும். பிலிப்பைன்ஸிலை ஒரு எரிமலை வெடிச்சு கந்தகப் புகை மேலை போயிருக்கு. அதுக்குப் பிறகு ஒண்டு ரெண்டு வருஷம் முழு உலகமும் கொஞ்சம் குளிர்ந்திருக்கு."

"அதுக்கு?"

"எரிமலை செய்யிறதை நாங்கள் செய்யேலாதோ?"

வகுப்புக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். மிக உயரத்தில் பறக்கிற விமானங்களின் எரிபொருளில் கந்தகம் கலக்க வேண்டும். அது எரிந்து, மேலே உள்ள ஈரத்தோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளிகளாகும். அந்தத் துளிகள் வெயிலில் ஒரு சிறு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றில் சூட்டைப் பிடித்து வைக்கிற காபனீரொட்சைட்டு வாயு இருக்கிறபடியே இருக்கும், ஆனால் பூமி சூடேறாது.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். ஒவ்வொரு நாளும் அறிக்கை எழுதி எழுதி எனக்கு நோர்வேஜிய மொழி கைவந்திருந்தது. அதனால் கடிதம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

"நான் சொல்லுறன், நீர் எழுதும்."

"மனித குலத்தின் எதிர்காலம்" என்று தொடங்கச் சொன்னார். நான் "எங்கள் எல்லோருடைய எதிர்காலம்" என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, இது அடக்கமாய் இருக்கு என்றார்.

நான் அந்த யோசனையை நம்பி எழுதவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தக் குசினியில் அவருடைய வாத்தியார்க் குரல் கேட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே எழுதினேன்.

காற்றை ஆராய்கிற இடங்களுக்கு மூன்று கடிதங்கள் போட்டோம். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, வந்து கதைக்கலாம் என்று ஒரு பெண் விஞ்ஞானி எழுதியிருந்தார். கணவர் லீவு போட்டார். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கணக்குகள் எழுதிய கொப்பியை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தார். சொல் தட்டுப்பட்டால் உதவட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சொந்தக் கையால் எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். பிறகு கொப்பியை வாங்கி, ஒரு பக்கமும் தள்ளாமல் வாசித்தார். என் கணவர் முழங்கால்களில் கையை வைத்துக்கொண்டு, சோதனை விடைத்தாள் திருத்துவதைப் பார்க்கும் மாணவனைப்போல இருந்தார்.

"உங்கள் இரசாயனம் சரி," என்றார் அந்த அம்மா. "இதையே பெரிய விஞ்ஞானிகளும் யோசித்திருக்கிறார்கள். விமானங்கள் இன்னும் உயரப் போகவேண்டும், அவ்வளவுதான். பூமி குளிரும்."

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கனகாலம் கண்டதில்லை.

"ஆனால் செய்யக் கூடாது," என்று அந்த அம்மா தொடர்ந்தார். "நான் வேலைக்கு வந்த காலத்தில் எங்கள் தெற்குப் பக்க ஏரிகளில் மீன் இல்லை. கடலுக்கு அப்பால் தொழிற்சாலைகளிலிருந்து வந்த கந்தகம் மழையோடு விழுந்து எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. என் பாதி வாழ்க்கை கந்தகத்தைக் காற்றிலிருந்து எடுப்பதில் போனது. அதையாவது விடலாம், நீங்கள் சொல்கிற அளவு அதைவிடக் குறைவு. இதைப் பாருங்கள்."

கணினியில் ஒரு உலகப் படத்தைத் திறந்தார். படம் முழுக்கச் சிறு சிறு பெட்டிகள். கந்தகம் தூவினால் எங்கே மழை குறையலாம் என்று ஒரு மாதிரிக் கணக்கு. தென்னாசியாவில் வறட்சியைக் காட்டும் கபில நிறம் படிந்திருந்தது. என் கணவர் எழுந்து திரைக்குக் கிட்டப் போய் யாழ்ப்பாணத்தைத் தேடினார். அது தனியாக இல்லை. இந்தியக் கரையோடு ஒரே பெட்டிக்குள் கிடந்தது.

"எங்களுக்கு மழை குறையுமா?" என்று அவரே நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"குறையலாம். கூடவும் செய்யலாம். இந்தக் கணக்கை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. தொடங்கினால் நிறுத்த முடியாது. காபன் மேலே சேர்ந்துகொண்டே இருக்கும். பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு போர் வந்து, யாராவது விமானங்களை நிறுத்தினால், தடுத்து வைத்த சூடு முழுவதும் ஒன்றாக வரும்."

போர் என்றதும் எனக்கு ஊர் நினைவுதான் வந்தது. அப்போது ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்தது.

கணவர் கொப்பியை உறைக்குள் வைத்தார். அவர் மனமுடைந்ததாகத் தெரியவில்லை. பிழை கண்டுபிடித்தால் அதை ஏற்றுக்கொள்கிற மனிதர் அவர். பிறகு என்னிடம் தமிழில், "இது சரிவராதெண்டால், அவையளிட்டை வேறை என்ன இருக்கெண்டு கேளும்," என்றார்.

நான் கேட்டேன்.

"எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பதைக் குறைக்க வேண்டும். வேறொன்றும் இல்லை."

"குறைப்பார்களா?" இதைக் கேட்டது நான்தான். அவர் கேட்கச் சொல்லவில்லை.

அந்த அம்மா கோப்பிக் குவளையைத் தள்ளி வைத்தார். "இந்த நாடே எண்ணெயில் நிற்கிறது. நான் முப்பது வருடமாக அறிக்கை எழுதுகிறேன். குறைப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இதை நான் வெளியில் சொல்வதில்லை. நீங்கள் இவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டு வந்தபடியால் சொல்கிறேன்."

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன்.

"வேண்டாம். விளங்கினது," என்றார் கணவர்.

திரும்பி வருகிற ரயிலில், ஹெல்ஸ்ஃபீர் நிலையம் தாண்டியதும் அவர் சொன்னார். "நான் பிழைவிட்டால் பரவாயில்லை எண்டுதான் போனனான். என்னிலும் பார்க்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், அவையளிட்டை சரியான விடை இருக்கும் எண்டு நினைச்சிட்டன்."

அவருடைய கையைப் பிடித்தேன். அவர் விலக்கவில்லை, இறுக்கவும் இல்லை.

பிறகு அவர் நூலகத்துக்குப் போவதை விட்டுவிட்டார். நானாக இரண்டு சஞ்சிகைகள் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். திகதி முடிய நானே திருப்பிக் கொடுத்தேன். வேலையால் வந்தால் தொலைக்காட்சியில் பனிச்சறுக்கல் போட்டி பார்ப்பார். அவருக்கு அந்த விளையாட்டின் விதிகள்கூடத் தெரியாது.

அடுத்த பெப்ரவரியில் ஒரு சிநேகிதர் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிக் குடிபுகுந்தார். நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று மழை தூறியது. அந்த மாதத்தில் கிடக்கவேண்டிய பனி முற்றத்தில் இல்லை, ஈரப் புல் தெரிந்தது. பற்றீஸ் தட்டோடு வந்த சிநேகிதர், "வீடு வாங்கின வருஷமே பனி வழிக்கிற வேலை மிச்சம். எங்கடை அதிர்ஷ்டத்தைப் பாருங்கோ," என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். முந்திய காலமென்றால் என் கணவர் அந்த இடத்திலேயே வகுப்பெடுக்கத் தொடங்கியிருப்பார், ஆட்கள் ஒவ்வொருவராய் எழும்பிப் போவார்கள். அவர் ஒரு பற்றீஸை எடுத்தார்.

"ஓம், நல்லதுதான். வழுக்கி விழாமல் நடக்கலாம்."

பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது கேட்டேன், ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று.

"சொல்லி?" என்றார்.

ஒன்றையும் நம்பாமல் கடிதம் எழுதிய எனக்குத்தான் அதற்குப் பிறகு பயம் பிடித்தது. காலையில் எழும்பியதும் பத்திரிகையில் வெப்பநிலை போடுகிற பக்கத்தை முதலில் பார்ப்பேன். அவர் விளையாட்டுப் பக்கத்தைத் தாருமன் என்று கை நீட்டுவார். கொடுப்பேன்.